காலி மனைப் புல்

எங்கள் நகரில் வீட்டுக்கு வீடு ஒரு செம்பருத்தியாவது இருக்கும், இன்ஸ்பெக்டர் சார். சேலையூர்ப் பக்கம் இவ்வளவு பசுமையான நகர் வேறு கிடையாது. நலச் சங்கச் செயலாளர் என்ற முறையில் அதில் என் பங்கும் உண்டு.

காலி மனைகளில் அஞ்சம்மாள் தன் பசுவை மேய்ப்பார். அவர்கள் வயலைத்தான் மனை போட்டு எங்களுக்கு விற்றார்கள். நிலத்தை விற்றுவிட்டு மாட்டை மட்டும் வைத்துக்கொள்வது முறையில்லை என்பது என் அபிப்பிராயம். சாணம், ஈ, கிருமி. பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"புல்லு சும்மாதானே சார் கீது," என்று சிரித்தார்.

அதனால் புல்லுக்குக் களைக்கொல்லி அடித்தேன். மாட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

மாடு அசை போடுவதை நிறுத்தியது. "வயிறு கல்லாட்டம் கீது சார், இன்னா ஆச்சுன்னே தெரியல," என்று என்னிடமே வந்து அழுதார். மனசு கேட்கவில்லை. என் மாருதியிலேயே போய் கால்நடை டாக்டர் லோகநாதனை அழைத்து வந்தேன்.

"மாட்டு வயித்துல கோடிக்கணக்குல நுண்ணுயிர் இருக்கு. புல்லைச் செரிக்க வைக்கிறதே அதுங்கதான்," என்றார் அவர். "மருந்து பட்ட புல்லைத் தின்னு அதுங்க செத்திருக்கும். இப்படியே விட்டா, வயிறு நிறைய தீனியோட பட்டினியா சாகும்."

யாராவது கொசு மருந்து அடித்திருப்பார்கள் என்றேன். அஞ்சம்மாள் நம்பினார்.

நல்ல மாட்டின் வயிற்று நீரை ஊற்றினால் பிழைக்குமாம். இறைச்சிக்கடை ஜாபர் பாய் ஒரு வாளி கொண்டுவந்தார். சகிக்க முடியாத நாற்றம். நான் சுத்த சைவம், தள்ளி நின்றுகொண்டேன். குழாய் வைத்து ஊற்றினார்கள். மறுநாள் மாடு எழுந்து அசை போட்டது. அஞ்சம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்த வாரம் அது மறுபடி மனையில் நின்றது.

டாக்டர் அவ்வளவு தெளிவாக விளக்கியிருக்காவிட்டால் எனக்கு இந்த யோசனையே வந்திருக்காது. ஜாபர் பாய் மகள் கல்யாணத்துக்காக ஆம்பூர் போயிருந்த நேரம் பார்த்தேன். எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார், நல்ல மனிதர். களைக்கொல்லியைக் கெட்டியாகக் கலந்து, கிருமிக்கென்று தனியாக ஒரு மருந்தும் சேர்த்து அடித்தேன். புல் வாடுவதற்குள் அஞ்சம்மாளைக் கூப்பிட்டு, "தாராளமா மேய விடும்மா," என்றேன்.

மாட்டைக் கொன்றதாக எழுதாதீர்கள் சார். நான் கொன்றது கிருமிகளை. அதற்காக யாரையும் கைது செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மாடு விஷயத்தில் என் மனசு சுத்தம். அதைப் பசியோடு நான் விரட்டவில்லை, வயிறு நிறையத் தின்றுவிட்டுத்தான் போனது.