எட்டில் செவ்வாயும் இரண்டு மீற்றரும்

ஒருவர் வீட்டுக்குள் வரும்போது நான் முகத்தைப் பார்ப்பதில்லை. தலைக்கும் கதவு நிலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி மிச்சமிருக்கிறது என்றுதான் பார்ப்பேன். சிலர் செருப்பைப் பார்ப்பார்கள், சிலர் கையில் என்ன கொண்டுவந்தார்கள் என்று பார்ப்பார்கள். ஆளுக்கொரு பழக்கம். இதில் ஒரு குற்றமும் இல்லை.

கோயில் நிர்வாக சபையார் கேட்டபடியால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். டுசல்டோர்ஃப் பக்கத்துத் தமிழ்ச் சனத்துக்கு இத்தனை வருடமாகக் கலியாணப் பொருத்தம் பார்த்துச் சொல்லும் தம்பித்துரை நான்தான். அதற்கு நான் வாங்கியதெல்லாம் ஒரு தேத்தண்ணி, சில வீடுகளில் ஒரு வடை.

அகதி முகாமில் இருந்த காலத்தில் எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அறையில் ஒரு பழைய ரீவி இருந்தது, அதில் அமெரிக்கக் கூடைப்பந்து போகும். அங்கேதான் சென்டர்களைக் கண்டேன். சென்டர் என்றால் கூடைக்குக் கீழே நிற்கிற மலை. ஹக்கீம் ஒலாஜுவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். தோளை இடப்பக்கம் அசைப்பார், மறிக்கிறவன் இடப்பக்கம் சரிவான், இவர் வலப்பக்கத்தால் போய்ப் பந்தைப் போட்டுவிட்டு வருவார். ஓனீல் தோளை அசைத்து மினக்கெடுவதில்லை, எதிரில் நிற்கிற ஆளையே அசைத்துவிடுவார். என் விண்ணப்பத்தை இரண்டு தரம் நிராகரித்த நாட்டில் இருந்துகொண்டு, ஒருவராலும் அசைக்க ஏலாத மனிதர்களைப் பார்ப்பது நெஞ்சுக்கு இதமாக இருந்தது.

பிறகு எங்கள் பெடியன்களும் ஒரு கூடைப்பந்துக் கழகம் தொடங்கினார்கள். ஒருவனும் ஒரு மீற்றர் எழுபத்தைந்தைத் தாண்டவில்லை. எதிரணிக்காரன் கையை உயர்த்தினால் எங்கள் பிள்ளைகளுக்குக் கூடையே தெரியாது. நான் ஆறுதலாக இருந்து யோசித்தேன். சென்டரைப் பழக்கி எடுக்க ஏலாது, பிறக்க வேண்டும். பிறப்பதென்றால் முதலில் கலியாணம் நடக்க வேண்டும். கலியாணம் நடப்பதென்றால் சாதகக் குறிப்பு என் மேசைக்கு வர வேண்டும். நான் தேடிப் போகவில்லை, அதுவாகவே வந்தது.

முறை எளிது. இரண்டு பேரும் நெடுவல் என்றால் கிரகங்கள் ஒத்துழைக்கும். ஒருவர் நெடுவல், மற்றவர் கட்டை என்றால் எட்டில் செவ்வாய் வந்து குந்திவிடும். அதைக் கேட்டால் எங்கள் சனம் மறுபேச்சில்லாமல் எழும்பிப் போய்விடும். இரண்டு பேரும் கட்டை என்றால் குறிப்பில் உள்ளதையே சொன்னேன். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது.

ஸ்ரீதரன் ஒரு மீற்றர் தொண்ணூற்றிரண்டு. கலாதேவி ஒன்று எண்பது. குறிப்பில் ஒருவர் பூனை, மற்றவர் எலி. கலாதேவிக்கு வேறொருவரில் விருப்பம் இருந்ததும் எனக்குத் தெரியும். நல்ல குணமான கணக்காளர், ஆனால் என் தோளுக்குத்தான் வருவார். அவருக்கு எட்டில் செவ்வாய் வைத்தேன், ஸ்ரீதரனுக்குத் தொண்ணூறு வீதம் பொருத்தம் கொடுத்தேன். மணவறையில் வீடியோக்காரர் முன்னால் தொடங்கிய அவர்களுடைய சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. ஆனால் கவிசா பிறந்தாள். அதை யாரும் மறுக்க ஏலாது.

பெண் பிள்ளை என்று நான் மனம் சலிக்கவில்லை. சென்டர் சென்டர்தான். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் ஒரு பந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். பதினாறு வயதில் இரண்டு மீற்றருக்கு ஏழு சென்ரிமீற்றர்தான் குறைவு. அவளுடைய முதல் ஆட்டத்துக்குப் பூமாலையோடு போய் முன்வரிசையில் இருந்தேன். பந்து அவள் கைக்கு வந்தது. அவளோ கூடைக்குக் கீழே போகாமல் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தாள். அது விழுந்தும் விட்டது. ஆட்டம் முடிந்ததும் நேரே அவளிடம் போனேன்.

"ஏன் பிள்ளை, கூடைக்குக் கீழ போய் முதுகைக் குடுத்து நிக்கேலாதோ?" என்று கேட்டேன்.

"இப்ப ஒருத்தரும் அப்பிடி விளையாடுறேல்லை மாமா. சென்டரும் வெளியில நிண்டு எறியோணும்."

மாலையை நடுவருக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த தலைமுறையாவது சரிவரட்டும் என்று பொறுத்திருந்தேன். போன தையில் கலாதேவி இரண்டு குறிப்புகளோடு வந்தார். கவிசாவும் அவளோடு படித்த கிருபனும் விரும்பிவிட்டார்களாம்.

"அண்ணை, பொருந்தினால் காணும். உடன கலியாண எழுத்தை வைப்பம்," என்றார்.

பார்த்தேன். பத்துக்குப் பத்து. என் வாழ்நாளில் அப்படியொரு பொருத்தம் கண்டதில்லை. அந்த நேரம் பார்த்துக் கிருபன் கதவால் வந்தான். தலைக்கும் நிலைக்கும் நடுவே ஒரு இடியப்பச் சட்டி வைக்கலாம்.

"எட்டில செவ்வாய். கட்டினால் ஆறு மாசத்தில பெடியன்ரை உயிருக்கு ஆபத்து," என்றேன்.

கலாதேவி குழறி அழுதார். கலியாணம் நின்றது. கிருபன் செத்துவிடுவானோ என்ற பயத்தில் கவிசா அவனை விட்டு டிரெஸ்டனுக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவன்தான் விடாக்கண்டனாகக் குறிப்புகளைப் பாரிஸில் ஒரு சாத்திரியாரிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

போன கிழமை கவிசா என் வீட்டுக்கு வந்தாள். கதவில் குனிந்துதான் வந்தாள். அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

"உங்களை நம்பித்தானே அம்மா அப்பாவைக் கட்டினவ. அதுவும் பொய்யோ மாமா?"

"ஓம் பிள்ளை."

"ஏன்?"

ஒலாஜுவனில் இருந்து தொடங்கி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப நான் பந்து விளையாட்டுக்காகப் பிறந்தனானோ?"

"பந்துக்காக எண்டு சொல்லேலாது. சென்டருக்காக."

அவள் அழுதாளோ சிரித்தாளோ தெரியாது. முகம் மிகவும் மேலே இருந்தது.

ஆக, சபையார் அறியவேண்டியது இவ்வளவுதான். பதினொரு கலியாணம் இப்படிச் செய்துவைத்தேன், நான்கு பிரிந்துவிட்டன. எத்தனை பேருடைய விருப்பத்தைச் செவ்வாயின் தலையில் பழிபோட்டு முறித்தேன் என்று எனக்கு நினைவில்லை. எல்லாம் எங்கள் சனத்துக்காக. கவிசாவுக்கும் கிருபனுக்கும் பத்துக்குப் பத்து என்று கலாதேவியிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் எழுத்து. இனி ஆட்களின் உயரம் பார்ப்பதில்லை என்று பிள்ளையார் முன்னால் சத்தியமும் செய்தேன். அதை இன்றுவரை மீறவில்லை.

நேற்று முன்தினம் நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் பெரிய மனதோடு கூப்பிட்டார்கள். கிருபனின் தங்கை வேணுஜா கை துடைத்த கடதாசியைக் கசக்கி, மண்டபத்தின் அந்த மூலையில் இருந்த குப்பைவாளிக்குள் இந்த மூலையில் இருந்து திரும்பியும் பாராமல் எறிந்தாள். அட, என்ன மணிக்கட்டு. கவிசா சொன்னது சரி, காலம் மாறிவிட்டது. வால்டோர்ஃபில் கணினி வேலை செய்யும் பிருந்தனும் தூரத்தில் நின்று எறிவதில் விண்ணன் என்று கேள்வி. தொண்ணூறு வீதம் பொருந்துகிறது என்று நேற்றே இரண்டு வீட்டுக்கும் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். குறிப்புகள் இன்னும் என் கைக்கு வரவில்லை.