எட்டும் ஏடும்

தபிதா: ...நம்ப மாட்டேன். டேப்பை இன்னொரு வாட்டி புடிங்க.

ஸ்டான்லி: எத்தினி வாட்டி புடிச்சாலும் ஏழு அடிதான் வரும், தபிதா.

தபிதா: ஏசப்பா! எட்டு அடி கம்பிங்க அது! நம்ம கல்யாணம் ஆன வருஷம் வாங்கின, ரெண்டு பேரு ஒட்டிக்கினு படுக்குற டென்ட்டு... கைய கால வெட்டின மாதிரி இப்டியா வெட்டுவீங்க?

ஸ்டான்லி: நா எங்க வெட்டினேன்? பழைய கம்பி விரிசல் வுட்டுடுச்சி. புதுசா வில்லு மாதிரி வளைச்சிக்குடுன்னு வெல்டிங் பட்டறைல குடுத்தேன். எட்டுன்னேன். அவன் காதுல ‘ஏடு’ன்னு வுழுந்துடுச்சி.

தபிதா: இன்னாது?

ஸ்டான்லி: தெலுங்குல ஏடுன்னா ஏழுதானே? ஏழா அறுத்துட்டான். திருப்பதில இருந்துக்கினு இதுகூட தெரியாதா உனக்கு?

தபிதா: தெரியும், தெரியும். எந்த பட்டறை?

ஸ்டான்லி: அதான்... வடமாலபேட்டை ரோட்ல... பூவராகவன் பட்டறை.

தபிதா: பூவராகவனா! அவுரு நகரிக்காரரு, நம்மள மாதிரி வூட்ல தமிழு. நம்மகிட்ட என்னிக்கி தெலுங்கு பேசினாரு? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்.

ஸ்டான்லி: மெசினு சத்தத்துல...

தபிதா: சரி, அவுரு காதுல மெசினு சத்தம். துணிய புடிச்சி தைச்ச டெய்லரு காதுலயும் அதே சத்தமா? இதோ பாருங்க, புதுத் தையலு! ரெண்டு பக்கமும்!

ஸ்டான்லி: தையல வுடு. டென்ட்டு எப்டி நிக்குது பாரு.

தபிதா: டென்ட்டுக்குள்ள போய் படுங்க.

ஸ்டான்லி: இப்ப எதுக்கு...

தபிதா: படுங்கன்றேன்ல! ...ம். நீங்க ஒருத்தர் படுத்ததுமே ரொம்பிப் போச்சி. அடுத்த வாரம் தலக்கோணா போறோமே, நா எங்க படுக்குறது? அருவியிலயா?

ஸ்டான்லி: இது ஒருத்தருக்குதான். வேணும்னுதான் சின்னதாக்கினேன்.

தபிதா: ஒருத்தருக்கா? ...அப்போ நானு? என்ன வேணாம்னு வுட்டுட்டு...

ஸ்டான்லி: வுட்டுட்டு போறது நானா? போன வாரம் நீ குளிச்சிக்கினு இருந்தப்போ உன் போனு அடிச்சிது. எடுத்தேன். ஏஜெண்டு. ‘குவைத் வீசா வச்சேசிந்தி மேடம்’னான். வந்துடுச்சாம்!

தபிதா: ஐயோ... நீங்களா எடுத்தீங்க...

ஸ்டான்லி: டக்குனு போன வெச்சிட்டேன். இன்னிக்கி சொல்வ, நாளைக்கி சொல்வன்னு பாத்துக்கினே இருந்தேன். ஒரு வார்த்த... ஒரே ஒரு வார்த்த சொன்னியா நீ?

தபிதா: அதுக்கு ஏங்க டென்ட்ட போயி...

ஸ்டான்லி: தலக்கோணாவுக்கு வருஷா வருஷம் போறவன். இனிமே தனியாத்தானே போவணும்? நீ படுக்குற எடத்த தடவிக்கினு நா எப்டி தூங்குறது? அதான், அந்த எடமே இல்லாம பண்ணிட்டேன்.

தபிதா: அழாதீங்க... நா சொல்றத கொஞ்சம்...

ஸ்டான்லி: போயிட்டு வா. லாரி ஓட்ற வேலை போனதுலேர்ந்து வூட்ல குந்திக்கினு இருக்கறவன், நா எந்த மூஞ்சிய வெச்சிக்கினு உன்ன தடுக்குறது? என்னிக்கி பிளைட்டு? அதையாவது சொல்லு.

தபிதா: எப்டிங்க சொல்வேன்... கேட்டா ஒத்துக்க மாட்டீங்கன்னுதான் மறைச்சேன்... அது டிரைவரு வேலைங்க. ஏஜெண்டுகிட்ட நா குடுத்தது உங்க பாஸ்போர்ட்டு.