முதல் கியரில் இறங்கிய வேன்

என் பெயர் வினோலியா. வயது 39. கணவர் பெயர் ஜெரோம், பள்ளி ஆசிரியர். திண்டுக்கல் நாகல் நகரில் குடியிருக்கிறேன். வீட்டை ஒட்டிய கட்டடத்தில் டீசல் வண்டிகளுக்கு இன்ஜின் வேலை செய்யும் பட்டறை நடத்தி வருகிறேன். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவள். இந்த வாக்குமூலத்தில் தொழில் என்ற இடத்தில் குடும்பத் தலைவி என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு மெக்கானிக் என்று எழுதும்படி கேட்டுக்கொண்டேன். அவ்வாறே எழுதப்பட்டது.

கடந்த ஞாயிற்றுக்கிழமை சிறுமலை ரோட்டில் பழனிக்குமார் ஓட்டி வந்த வேன், அழகுராஜா என்பவரின் தேங்காய்க் களத்துக்குள் புகுந்தது சம்பந்தமாக இன்று காவல் நிலையத்தில் என்னை விசாரித்ததில் நான் கூறுவது பின்வருமாறு.

பழனிக்குமாரை எனக்குச் சில வருடங்களாகத் தெரியும். செம்பட்டியைச் சேர்ந்தவர். சொந்த வேன் வைத்து, கல்யாணம், காதுகுத்து, கோயில் பயணம் என்று வாடகைக்கு ஓட்டுகிறார். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். எங்களுக்குள் உறவு எதுவும் கிடையாது. இந்தத் தை மாதம் அவர் வத்தலக்குண்டிலிருந்து திரும்பும்போது ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் போய்விட்டது. அது தெரியாமல் அவர் கொஞ்ச தூரம் ஓட்டவே இன்ஜின் சூடேறி நின்றது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து என் பட்டறையில் விட்டார். நான் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது. இன்ஜின் பிளாக்குக்கும் அதன்மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள கேஸ்கட் எரிந்து, தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கியிருந்தது. கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் போதாது, இன்ஜினை முழுவதும் பிரித்துக் கட்ட வேண்டும் என்று சொன்னேன். சம்மதித்தார்.

அதன் பிறகு ஹெட்டைக் கழற்றி, லேசாக வளைந்திருந்த அதன் அடிமுகத்தை லேத்தில் கொடுத்துச் சீவி வாங்கினேன். பிளாக்கில் புதிய பிஸ்டன்களை இறக்கினேன். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது பிளாக்கின் முகத்தைத் தாண்டி மயிரிழை அளவு உயர்ந்து நிற்கும். எவ்வளவு உயர்கிறது என்று அளந்து, அதற்குத் தகுந்த கனத்தில் கேஸ்கட் போட வேண்டும். எந்தக் கனம் என்பது தெரிவதற்காகக் கேஸ்கட்டின் ஓரத்தில் சிறிய வெட்டுகள் இருக்கும். அளந்து பார்த்ததில் இந்த இன்ஜினுக்கு மூன்று வெட்டு உள்ள தடித்த கேஸ்கட் தேவைப்பட்டது. திண்டுக்கல் கடைகளில் விசாரித்தேன். ஒரு வெட்டு உள்ள மெல்லியதுதான் இருந்தது. பழனிக்குமாருக்கு அந்த வாரம் முகூர்த்தச் சவாரிகள் இருந்தன.

"அக்கா, ஒரு காகிதத்துக் கனம்தான வித்தியாசம். இருக்கறதப் போட்டு விடுங்கக்கா. பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன்" என்றார்.

"அந்தக் காகிதத்துக் கனத்துலதான் தம்பி வால்வும் பிஸ்டனும் ஒண்ண ஒண்ணு தொடாம ஓடுது. நான் போட மாட்டேன்" என்றேன்.

அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் நானே பஸ் ஏறி மதுரைக்குப் போய், கடை கடையாகக் கேட்டு, மூன்று வெட்டு உள்ளதை வாங்கி மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கேஸ்கட் மடங்கிவிடக் கூடாது என்பதால் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் தன் பையை அதன்மேல் வைக்கப் போனபோது தடுத்தேன். தங்கமா என்று அவர் கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

அதன் பிறகு வால்வு வேலையில் இறங்கினேன். எட்டு வால்வுகளின் ஸ்பிரிங்குகளையும் ஒரு புது ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். சூடு பட்டு எல்லாம் குட்டையாகியிருந்தன. ஸ்பிரிங் தளர்ந்துபோனால் சாதாரண ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. இன்ஜின் மிதமிஞ்சிய வேகத்தில் சுற்றும்போது வால்வு நேரத்துக்கு மூடாமல் நிற்கும், கீழிருந்து வரும் பிஸ்டன் அதை முட்டும், அத்தோடு இன்ஜின் முடிந்தது. பழனிக்குமார் இதற்கும் தடை சொன்னார். அம்புட்டு வேகத்தில் வேனை யார் ஓட்டப் போகிறார்கள் என்று கேட்டார். நான் எட்டையும் மாற்றினேன். வால்வைத் தள்ளும் புஷ் ராடுகளைக் கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்து, நேராக உருளாமல் துள்ளிய இரண்டைக் கழித்துப் புதியது போட்டேன்.

ஹெட்டைத் தூக்கி இறக்கும்போது மறுபக்கத்தை என் கணவர் பிடித்துக்கொண்டார். அவர் பள்ளிக்கூடச் சட்டையில் பட்ட கிரீஸ் இன்னும் போகவில்லை. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி, ஒரே முறையில் இறுக்கிவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். அதன் பிறகு வால்வுகளை அமுக்கும் ராக்கர்களை மாட்டி, ஒவ்வொரு புஷ் ராடும் தன் குழியில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகே முடுக்கினேன். ராக்கருக்கும் வால்வுக்கும் விட வேண்டிய இடைவெளியைத் தகடு விட்டுச் சரிபார்த்தேன். தகடு தளர்வாகவும் போகக் கூடாது, இழுபடவும் கூடாது, லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். எட்டும் அப்படி வந்தன. சாவி போடுவதற்கு முன் இன்ஜினைக் கையாலேயே சுற்றிப் பார்த்தேன். எங்கும் எதுவும் தட்டவில்லை.

இந்த வேலையை வேறொருவர் செய்திருந்தால் நல்ல வேலை என்று சொல்லியிருப்பேன். நான் செய்தது என்பதற்காக அதைச் சொல்லாமல் இருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

பிரேக்கைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்டது. பிரேக் வேலை என்னிடம் வரவில்லை. வண்டிக்குத் தகுதிச் சான்று நடப்பில் இருந்தது.

வண்டி சில நாள் ஓடி வந்ததும் ஹெட் போல்ட்டுகளையும் வால்வு இடைவெளியையும் மறுபடி ஒருமுறை பார்த்துக் கொடுத்தேன். பாரத்தோடு மலை ஏறும்போது இன்ஜின் எப்படி இழுக்கிறது என்று கேட்க எனக்கு ஆசை. அதனால், ஞாயிற்றுக்கிழமை சிறுமலைக்குச் சவாரி இருப்பதாகப் பழனிக்குமார் சொன்னபோது நானும் வருகிறேன் என்றேன். காலைப் பூசை முடிந்ததும் நாகல் நகரில் ஏறி, டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். புவனேஸ்வரி என்பவரும் அவருடைய உறவினர்களும் அதற்கு முன்பே சின்னாளப்பட்டியில் ஏறியிருந்தார்கள். எல்லாரும் நெசவுக் குடும்பத்தினர். புவனேஸ்வரியின் அக்கா சிறுமலையில் இருக்கிறார். அக்கா மகளுக்குக் காதுகுத்து. போகும்போது வண்டி எந்தக் கொண்டை ஊசி வளைவிலும் திணறவில்லை. சூடும் ஏறவில்லை. மேலே போய் பானட்டைத் திறந்தபோது பழனிக்குமார், "உறுமவே இல்லையேக்கா, பூனை மாதிரில ஏறுது" என்று சந்தோஷப்பட்டார். அவர் அன்று குடிக்கவில்லை. பந்தியில் என் பக்கத்தில்தான் சாப்பிட்டார். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அவர் என் கண்ணை விட்டு அகலவில்லை.

சாப்பாடு முடிந்து மதியம் புறப்பட்டோம். இறக்கத்தில் பாதி தூரம் வந்திருப்போம். மூன்றாவது கியரில் வந்துகொண்டிருந்தோம். ஒரு வளைவுக்கு முன் பழனிக்குமார் பிரேக்கை மிதித்தார். மிதிகட்டை தரை வரைக்கும் போனது. மறுபடி மறுபடி மிதித்தார், ஒன்றும் பிடிக்கவில்லை. வண்டியை எப்படியோ அந்த வளைவில் திருப்பிவிட்டார். என்னைப் பார்த்து, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி, "அக்கா, பிரேக் இல்ல" என்றார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கருகிய வாடை வந்தது, வேகம் சற்று குறைந்தது, பிறகு கேபிள் அறுந்து லிவர் கையோடு வந்துவிட்டது.

நான் அவரை இரண்டாவது கியருக்கு மாற்றச் சொன்னேன். கியரைக் குறைத்தால் சக்கரங்கள் இன்ஜினைச் சுற்ற வேண்டிவரும், அந்தப் பிடிப்பில் வண்டியின் வேகம் குறையும். பல் கடிக்கும் சத்தத்தோடு விழுந்தது. இன்ஜின் அலறத் தொடங்கியது. வேகம் குறைந்தாலும் அடுத்த வளைவுக்கு அது போதாது. முதல் கியர் போடச் சொன்னேன். பழனிக்குமார் கையை எடுத்துவிட்டார்.

"வேணாம்க்கா, இன்ஜின் வெடிச்சிரும்."

"வெடிக்காது. நான் கட்டுன இன்ஜின். ஆக்சிலேட்டர ஒரு மிதி மிதிச்சு, ஒண்ணாவதுக்குத் தள்ளுலே."

அதுவரை நான் அவரை ஏலே போட்டுப் பேசியதில்லை. கியர்ப் பல் சேருவதற்காக ஆக்சிலேட்டரை ஒரே ஒரு முறை மிதித்து, கியரைத் தள்ளினார். விழுந்தது. எல்லாரும் முன்னால் சாய்ந்தோம். அப்போது இன்ஜின் போட்ட சத்தத்தை என் தொழிலில் நான் கேட்டதில்லை. வால்வு பிஸ்டனை முட்டினால் டக் என்று தனியாக ஒரு சத்தம் வரும். அது வருகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். வரவில்லை. பின்னால் பிள்ளைகள் அழுதார்கள். எல்லாரும் கீழே குனிந்து சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று திரும்பிச் சொன்னேன். அதன் பிறகு ஒவ்வொரு வளைவாக, முதல் கியரிலேயே, பழனிக்குமார் வண்டியைத் திருப்பி இறக்கினார். அவர் கால் ஆக்சிலேட்டரில் இல்லை. இரண்டு கால்களையும் சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்திருந்தார், நான் பார்த்தேன்.

மலை முடியும் இடத்தில் ரோடு நேராக, ஆனால் சரிவாகப் போகும். அங்கே ஒரு பஸ் நின்று ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எதிரே பைக்குகள் வந்தன. இடதுபக்கம் அழகுராஜாவின் தேங்காய்க் களத்தில் மட்டை மலைபோலக் குவிந்திருந்தது. "மட்டைக்குள்ள விடு" என்றேன். பழனிக்குமார் கல்வேலியை இடித்துக்கொண்டு அதற்குள் விட்டார். வண்டி மட்டைக் குவியலில் பாதி ஏறி நின்றது. கியரில் இருந்ததால் இன்ஜின் அணைந்தது. புவனேஸ்வரிக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். களத்து ஓரம் நின்ற அழகுராஜாவின் மொபெட் நசுங்கியது. களத்தில் அப்போது ஆட்கள் இல்லாதது கடவுள் செயல்.

அழகுராஜா ஓடிவந்து முதலில் எங்களைச் சத்தம் போட்டார். பிறகு அவரே பின்கதவைத் திறந்து பிள்ளைகளைத் தூக்கி இறக்கி, எல்லாருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். டிரைவர் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டு வெறித்தனமாக வந்தார் என்றும், மலையிலிருந்தே இன்ஜின் அலறல் கேட்டது என்றும் அவர் புகார் கொடுத்திருப்பதாக அறிகிறேன். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்ட அலறல் உண்மை. ஆனால் அது வண்டியை ஓட்டுகிற அலறல் இல்லை. வண்டியைப் பிடித்து நிறுத்துகிற அலறல். பிரேக் செய்யாத வேலையை இன்ஜின் செய்தது. அந்தக் களத்துக்கு நாங்கள் வந்த வேகத்தில் ஒரு ஆள் ஓடி வர முடியும்.

இன்று காலை, வண்டி நிறுத்தப்பட்டுள்ள இந்த நிலைய வளாகத்தில், மோட்டார் வாகன ஆய்வாளர் என்னையும் பழனிக்குமாரையும் அழகுராஜாவையும் வைத்துக்கொண்டு சோதனை செய்தார். பின் அச்சுக்கு மேல் போகும் பிரேக் பைப் துருப்பிடித்து விரிசல் விட்டிருப்பதையும், பிரேக் ஆயில் முழுவதும் அந்த வழியே போயிருப்பதையும் காட்டினார். அதன் பிறகு இன்ஜினின் மேல்மூடியைத் திறக்கச் சொன்னார். நான் திறந்தேன். ராக்கர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். புஷ் ராடுகளை உருவச் சொல்லி, உருட்டிப் பார்த்தார். எட்டும் நேராக உருண்டன.

"ஸ்பிரிங் அம்புட்டும் புதுசாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா சார். எட்டும்."

"கேஸ்கட்?"

"மூணு வெட்டு சார்."

அவர் மறுபடியும் உள்ளே பார்த்துவிட்டு, பழைய ஸ்பிரிங்கோடு இதே இறக்கத்தில் முதல் கியர் போட்டிருந்தால் பாதி வழியில் இன்ஜின் உடைந்து, பிடிப்பில்லாமல் வண்டி பள்ளத்துக்குப் போயிருக்கும் என்று அழகுராஜாவிடம் சொன்னார். அழகுராஜா இன்ஜினைக் குனிந்து பார்த்தார். பிறகு பழனிக்குமாரிடம், "அப்பு, நான் சத்தத்த வச்சு எழுதிக் குடுத்துட்டேன்யா" என்றார். கல்வேலியையும் மொபெட்டையும் சரிசெய்து தருவதாகப் பழனிக்குமார் சொன்னார்.

ஆய்வாளர் கேட்டுக்கொண்டபடி புஷ் ராடுகளை அதனதன் இடத்தில் இறக்கி, ராக்கர்களை முடுக்கி, இடைவெளியைச் சரிபார்த்து, மூடியைப் போட்டேன். நசுங்கிய ரேடியேட்டரில் ஒழுகியது போக நிற்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பழனிக்குமார் உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்தது. நிலையத்தில் இருந்த காவலர்கள் சிலர் வெளியே வந்து பார்த்தார்கள். ஆய்வாளர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, போதும், அணைத்துவிடலாம் என்றார். பழனிக்குமார் ஸ்டியரிங்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சாவியைத் தொடவில்லை.

"செத்த நேரம் ஓடட்டும் சார்" என்றார்.

ஆய்வாளர் சரி என்றார். நாங்கள் எல்லாரும் நின்று கேட்டோம்.

நான் கூறியது கூறியபடி எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. ஒரு சொல்லும் கூடவோ குறையவோ இல்லை. கேட்டால் நீதிமன்றத்திலும் இதையே சொல்வேன்.

(ஒப்பம்)
ஜெ. வினோலியா
மெக்கானிக், நாகல் நகர், திண்டுக்கல்