எஞ்சின் மேல் போர்த்திய கம்பளி

என் காரில் எப்போதும் ஒரு கம்பளி இருக்கும், இன்ஸ்பெக்டர். பழைய வண்டி, ஈரம் பட்டால் கிளம்பாது. நிறுத்தும்போதெல்லாம் எஞ்சின் மூடியின் மேல் போர்த்திவிடுவேன். அன்றும் போர்த்தினேன்.

எங்கள் வார்டின் நகரசபை இடத்தில் என் தாத்தா இருந்தார், அப்பா இருந்தார், பிறகு நான். போர் முடிந்து நாலாவது வருஷம், அந்த மே மாதத் தேர்தலில் என் மகன் லயனல் நின்றான். எதிரே நின்ற லேபர் கட்சிக்காரன் நெருக்கிக்கொண்டிருந்தான். ஊரில் பாதிப் பேர் நெஞ்சில் அவர்களுடைய சிவப்பு ரிப்பன் பூ. அதில் ஒன்று என் தங்கை ஹெட்டியின் கோட்டில். ரயில்வேயில் உழைத்துச் செத்த புருஷனின் கட்சி. எங்கள் ஆர்மிடேஜ் குடும்பத்துப் பெண் அந்த நிறத்தோடு ஓட்டுச்சாவடிப் படி ஏறுவதை ஊர் பார்க்கக் கூடாது.

அவள் நிமோனியாவிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தாள். ஓட்டுப் போட அழைத்துப்போக லேபர் கட்சியின் கார் வருவதாக இருந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"என்னண்ணா, எதிரியை ஏத்திட்டுப் போக நீயே வந்திருக்கே? ரேஷன் பெட்ரோல் கூப்பன் அவ்வளவு மிச்சமா?"

"நம்ம வீட்டுப் பொண்ணு கண்டவன் கார்ல போக வேண்டாம். ஓட்டு உன் இஷ்டம்."

"நான் யாருக்குப் போடப் போறேன்னு உனக்கு ரொம்பத் தெரியும் பாரு," என்று சிரித்தாள்.

மலைக்காற்று நெஞ்சுக்கு நல்லது என்று சொல்லி மேட்டுச் சாலையைச் சுற்றி ஓட்டினேன். மே மாதத்திலும் குளிர் கடிக்கும் உச்சியில் நிறுத்தி, பெட்ரோல் தீர்ந்துவிட்டது, கீழே போய் வாங்கி வருகிறேன் என்றேன். தீரவில்லை. கம்பளியை எஞ்சின் மேல் போர்த்தினேன். பாதை வழுக்கும் என்பதால் அவள் கைத்தடியை எடுத்துக்கொண்டேன்.

"சீக்கிரம் வாண்ணா. சாவடி மூடிடப் போறாங்க."

கீழே விடுதியில் என்னால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கணப்புக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வாங்கிய டீ ஆறியது, இன்னொன்று வாங்கினேன், அதுவும் ஆறியது. வெளியே ஆலங்கட்டி விழத் தொடங்கியிருந்தது.

"மகன் தேர்தல்ல நிக்கறான், நீங்க என் தரையைத் தேய்ச்சிட்டிருக்கீங்க," என்றாள் விடுதிக்காரி. "யாருக்காவது காத்திருக்கீங்களா ஐயா?"

"கடிகாரத்துக்கு," என்றேன்.

சாவடி மூடும் நேரம் தாண்டிய பிறகே மேலே ஏறினேன். ஹெட்டி கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்திருந்தாள். மூச்சு இருக்கிறதா என்று பார்க்கக் கோட்டைத் திறந்தேன். மூச்சு இல்லை. உள்ளே, கவுனில், லயனலுக்காக எங்கள் கட்சியின் நீலப் பூவைக் குத்தியிருந்தாள்.

கம்பளியை எடுத்து மடித்தேன். வண்டி உடனே கிளம்பியது.

அன்று இரு பக்கமும் சம ஓட்டு. மறுபடி எண்ணினார்கள், சமம்தான். சட்டப்படி சீட்டுக் குலுக்கியதில் லேபர்காரன் பெயர் வந்தது. "இன்னும் ஒரே ஒரு ஓட்டு இருந்திருந்தா, அப்பா," என்று லயனல் இன்றும் சொல்வான். அவனுக்குத் தெரியாது.

ஆம், குளிர் அவளைக் கொல்லும் என்று தெரிந்துதான் விட்டுவந்தேன். டாக்டரிடம் கொண்டுபோகும் முன் அவள் கோட்டிலிருந்த சிவப்புப் பூவைக் கழற்றி வேலிக்கு அப்பால் எறிந்தேன். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் சிவப்பு அணிந்து ஓட்டுப் போடப் போனதில்லை, இன்ஸ்பெக்டர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.