செவ்வாய்க்கிழமைக் கட்டம்

— அப்ப காய்ச்சலும் லீவு எடுக்குமோ, அசனா?

— என்ன கத மிஸ் இது? காய்ச்சலுக்கு ஏது லீவு.

— உங்கட காய்ச்சல் கணக்குத் தாளைப் பாருங்கோ. ஆறு பேர், ஏழு பேர், பிறகு சைபர். அடுத்தநாள் திரும்ப ஆறு. உங்கட ஊர் குறிஞ்சாக்கேணிக்கு இந்த மாசம் ஒன்பது சைபர் கிடக்கு.

— அதெல்லாம் நான் வீடுவீடாப் போகாத நாள். ஆமி ஊரச் சுத்தி வளச்சா வாசல விட்டு இறங்க ஏலாதே. நாளுக்கு ஒரு ஒழுங்க, ஒரு தெருதான் பாக்கிற. அண்டைக்குரிய ஒழுங்க தப்பினாத் தப்பினதுதான்.

— போகாட்டி ஏன் சைபர் போட்டனீங்கள்?

— வெறும் கட்டம் இருந்தா இந்தச் சுகாதாரக் கந்தோரால தாளத் திருப்பி அனுப்புவாங்க மிஸ். ரெண்டுதரம் அனுப்பின. ஆமிச் சாவடியில அடையாள அட்டயக் காட்டி, படகுக்கு நிண்டு, வெயிலுக்குள்ள இஞ்ச வந்து, ஒரு கட்டத்துக்காகத் திரும்பிப் போறதா? அதான், ஒரு முட்டயப் போட்டு விட்டுட்டன்.

— அப்ப பிழை என்ரதான்.

— ஒங்கடயா? எழுதின நான்தானே.

— பிரிச்சது நான். இந்தக் கதிரையை இழுத்துப்போட்டு இருங்கோ, காட்டுறன். மாசத்துக்குக் காய்ச்சல்காரர் தொண்ணூறு பேர். அதை நான் இருபத்துநாலு வேலைநாளால பிரிச்சனான். நாளுக்கு நாலுகூட வரேல்ல. ஆனா நீங்கள் உண்மையாப் போய்ப் பாத்தது பதினைஞ்சு நாள். பதினைஞ்சால பிரிச்சா?

— தொண்ணூற... ஆறு வருது மிஸ்.

— ஆறு. நுளம்பு கடியாமல் கட்டுற வலை, நாளுக்கு அஞ்சுக்கு மேல வாற ஊருகளுக்குத்தான். போய்ப் பாத்தன், ஒருத்தருக்கும் இல்லையெண்டா அது சைபர். பாக்கவே இல்லையெண்டா அது வெறுங்கட்டம். பேராதனைக் கம்பஸில நாலு வருசம் புள்ளிவிபரம் படிச்சிட்டு வந்து, முதல் பட்டியலிலயே ரெண்டையும் ஒண்டாக்கிப்போட்டன்.

— அப்ப எங்கட ஊருக்கு வல இல்லயா?

— இண்டைக்குக் காலமை வலைப் பட்டியலைக் குடுத்திட்டன். சல்லிக் கிராமம் அதில இருக்கு, உங்கட ஊர் இல்லை. பொறுங்கோ, அந்தா பொறுப்பாளரே வாறார். சோமசேகரம் ஐயா, ஒரு நிமிசம். வலைப் பட்டியலில கையெழுத்து வைச்சிட்டீங்களோ?

— வைச்சாச்சு, குணேஸ்வரி. லொறி ரெண்டு மணிக்கு வெளிக்கிடுது. ஏன் பிள்ளை?

— பட்டியல் பிழை ஐயா. நான் விட்ட பிழை. குறிஞ்சாக்கேணியும் அதில வரவேணும்.

— உம்மை வேலையில நிரந்தரமாக்கிற கடிதமும் என்ர மேசையிலதான் கிடக்கு, தெரியுமோ?

— தெரியும். முதல்ல பட்டியலைத் தாங்கோ.

— என்ன பிழையெண்டு சொல்லும் பாப்பம்.

— அசனா போகாத நாளுகளையும் காய்ச்சல் இல்லாத நாளெண்டு எடுத்திட்டன். வெறுங்கட்டம் விட்டாத் தாள் திரும்பி வருமெண்டு அவ சைபர் போட்டிருக்கிறா.

— திருப்பி அனுப்பினது நான்தான், பிள்ளை.

— ஐயா?

— கட்டமெல்லாம் நிரம்பியிருந்தா வேலை சரியெண்டு நினைச்சிட்டன், கண்டீரோ. பேனையைக் கொண்டாரும். லொறிக்காரனை நான் மறிக்கிறன். உம்மட அந்தக் கடிதத்திலயும் இப்பவே கையெழுத்து வைச்சிடுறன்.

— அவர் போயிட்டாரா மிஸ்? ஒங்களுக்கு அல்லா நல்லாக்குவான். மூணு வருசமா இந்தத் தாளக் கொண்டு வாறன். எல்லாரும் வாங்கி அடுக்கி வெச்சாங்க. வாசிச்சது நீங்கதான்.

— நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லவேணும். படிச்சதை நீங்கள் இண்டைக்குத்தான் விளங்கப்பண்ணினீங்கள். இனிப் போகாத நாளுக்கு ஒரு கோடு போடுங்கோ, பக்கத்தில காரணத்தையும் எழுதுங்கோ. இப்ப இந்த ஒன்பதையும் திருத்துவம். எட்டுநாள் சுற்றிவளைப்பு, சரி. இந்தச் செவ்வாய்க்கிழமை? அண்டைக்கு உங்கட பக்கம் ஒரு பிரச்சினையும் இல்லையே.

— அத விடுங்க மிஸ். அவ இப்ப துள்ளித் திரியிறா, அல்ஹம்துலில்லாஹ்.

— ஆர்?

— என்ட மகள். அண்டைக்கு அவளுக்கு நூத்திநாலு காய்ச்சல். அவள மடியில வெச்சிட்டுத்தான் அந்தச் சைபரப் போட்டன்.