மங்கலாகத் தெரிந்த கோப்புறை

‘ஃபைல்’ என்று எழுதாதீர்கள், ஆய்வாளரே. ‘கோப்பு’ என்று எழுதுங்கள். என் பெயரால் பதிவாகும் வாக்குமூலத்தில் பிழை இருப்பதை நான் விரும்பவில்லை. செம்மேட்டில் பாதிப் பேருக்குத் தமிழ் கற்பித்தவன் நான்.

கணினி என்னுடையது. ஓய்வுபெற்றபின் இலக்கண நூல் ஒன்றைத் தட்டச்சு செய்வதற்காக வாங்கினேன். அதில் ஓர் இயல் காணாமற்போயிற்று. தேடும் வழியைப் படித்தறிந்து, மறைந்த கோப்புகளைக் காட்டும் கட்டத்தில் சரிக்குறி இட்டேன். என் இயல் அகப்படவில்லை. மற்றவற்றைவிட மங்கலான நிறத்தில் வேறொரு கோப்புறை தோன்றியது. அது என் மருமகள் சங்கீதாவுடையது. மாமனாரின் கணினியில் அவரறியாமல் ஒன்றை ஒளித்துவைப்பது எத்தகைய ஒழுங்கீனம் என்பதை நீங்களே எண்ணிப்பாருங்கள்.

உள்ளே ஒளிப்படங்கள் இருந்தன. தன்னைத் தானே எடுத்துக்கொண்டவை. ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டிருந்தாள்: ‘கண்’, ‘முதுகு’, ‘தோல்’. கடைசிப் படத்தில் காயம் தோளில் இருந்தது. ‘தோள்’ என்று திருத்தினேன்.

என் மகன் முருகானந்தம் முன்கோபி. அதை நான் அறிவேன். எங்கள் அறைகளுக்கு இடையிலுள்ள சுவர் மெல்லியது. ஆயினும், ஆசிரியர் வீட்டுச் செய்தி சந்தையில் பேசப்படுவது முறையன்று.

எங்கள் மலையில் குடும்ப வழக்கைக் காவல் நிலையத்துக்கு முன் பெரியவர்களிடம் சொல்வதே வழக்கம். சங்கீதாவும் சொன்னாள்; சான்றாகப் படங்கள் உண்டென்றாள். படங்களைக் கண்ணால் கண்டால் அவளைத் தந்தையுடன் அனுப்பிவிடுவது, இல்லையேல் அவள் கணவனோடு இருப்பது என்று பேசி முடித்தார்கள்.

சரிக்குறி இடும் வித்தை அவளுக்கும் தெரியும். ஆகவே, அவர்கள் வருமுன் நான் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கருப்புத் திரையைத் திறந்தேன். ‘அட்ரிப்’ என்று எழுதி, கூட்டல் குறியுடன் எஸ், எச் என்னும் எழுத்துகளைச் சேர்த்தால், கணினி அந்தக் கோப்புறையைத் தன் சொந்த உறுப்பாகவே கருதிக் காக்கத் தொடங்கும். அதன்பின் அந்தச் சரிக்குறிக்கும் அது தென்படாது.

எங்கள் மலையில் நாடு என்பது ஊர்த்தொகுதி. பெரக்கரை நாட்டிலிருந்து அவள் தந்தை மாதேஸ்வரனும், குண்டனி நாட்டிலிருந்து பெரியவர் செங்கோடனும் வந்து கணினியின் முன் அமர்ந்தார்கள். சங்கீதா சரிக்குறி இட்டாள். எடுத்தாள். மீண்டும் இட்டாள்.

“படம் காட்டறேன்னியேடி, டிக்கெட்டு எங்க?” என்றான் முருகானந்தம். செங்கோடன்கூடச் சிரித்துவிட்டார்.

“இங்கதானுங்க மாமா வெச்சிருந்தேன். நீங்க பாத்தீங்களா?” என்று அவள் என்னிடம் கேட்டாள்.

“நன்றாகத் தேடிப் பார், அம்மா” என்றேன்.

“பொட்டிக்குள்ள ஒண்ணுமில்லியே கண்ணு. புருசன் மேல இப்பிடி அபாண்டமாச் சொல்லலாமா?” என்றார் செங்கோடன்.

மாதேஸ்வரன் என் பக்கம் திரும்பினார். “வாத்தியாருங்க, நீங்க சொன்னா நான் நம்பறேனுங்க. அப்பிடி ஏதாச்சும் இருந்துச்சுங்களா?”

“திரையில் இருப்பது உங்கள் கண்ணுக்கும் தெரிகிறதே” என்றேன். அந்த வாக்கியத்தில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை.

அவர் எழுந்தார். “அனுசரிச்சு இரு சாமி, நான் வாரேன்” என்று மகளின் தலையைத் தொட்டுவிட்டுப் பேருந்துக்குச் சென்றார். அவள் வாசல்வரைகூடப் போகவில்லை; கணினியின் முன்னேயே அமர்ந்திருந்தாள்.

அடுத்த சந்தை நாளில் அவள் இறந்தாள். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக முருகானந்தம் உங்களிடம் கூறியிருக்கிறான். அது உண்மையன்று. சுவருக்கு இப்பால் நான் விழித்தே இருந்தேன். அவள் என்னை இருமுறை அழைத்தாள். இரண்டாம் முறை ‘மாமா’ என்னும் சொல் முழுமை பெறவில்லை.

படங்கள் உங்களுக்குத் தேவையென்றால், அதே கட்டளையைக் கழித்தல் குறியுடன் இடுங்கள், எல்லாம் வெளிப்படும். நான் எதையும் அழிக்கவில்லை என்பதைத் தனி வரியாகப் பதிவுசெய்யுங்கள். அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அந்தப் பெண் இன்னும் சற்றுக் கவனமாகத் தேடியிருந்தால், இன்று உயிரோடு இருந்திருப்பாள்.