நூறு நாள் அரசனின் அங்கி

எழுத்துத் தெய்வமான நபுவின் எழுதுநாணல்மேல் ஆணை. இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. இதே ஆணையிட்டு நான் முன்பு சொன்ன கதைகளை நினைவுபடுத்தி என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம். டைக்ரிஸ் ஆற்று மீன் ஒன்று படியேறி வந்து என் வீட்டு அடுப்பில் தானாகப் படுத்துக்கொண்டதும் உண்மைதான். அது வேறு வழக்கு.

என் பெயர் எரிபா. நினிவே அரண்மனையில் நாற்பத்திரண்டு ஆண்டுகளாகக் களிமண் ஏட்டில் எழுதுகிறவன். களிமண் காதுமடல் பதத்தில் இருக்க வேண்டும். அதைவிட இளகினால் எழுத்து வழியும், இறுகினால் நாணல் முறியும். சில்லாயா என் பக்கத்தில் அமர்ந்து எழுதியவன். என்னைவிட எட்டு வயது இளையவன், நல்லவன். மனைவியும் நான்கு பெண்களும் உண்டு. மூத்தவள் கல்யாணத்தில் ஆட்டுத் தொடையை என் தட்டில்தான் வைத்தான். அவனிடம் ஒரே ஒரு குறை. நான் கதை சொன்னால் முடிவை முந்திச் சொல்லிவிடுவான்.

"கதவு தானாத் திறந்துச்சு. உள்ளே அடுப்பு மேல யாரு படுத்திருந்தான்னு நினைக்கிறீங்க?" என்று நான் மூச்சு வாங்குவேன்.

"மீன்தானேண்ணே? உப்பு தடவிக்கிட்டே வந்துச்சா, இல்ல நீங்க தடவுனீங்களா?" என்பான்.

எழுத்தர் கூடமே சிரிக்கும். இப்படி முப்பது ஆண்டுகள். ஒரு மனிதன் எத்தனை முடிவுகளைத்தான் பறிகொடுப்பான், நீங்களே சொல்லுங்கள்.

இந்த வசந்தத்தில் சந்திரனை நிழல் விழுங்கியது. அரசருக்குச் சாவு என்று ஏடுகள் சொல்லின. அதற்கு நம் முன்னோர் கண்ட வழி உங்களுக்குத் தெரியும். வேறொருவனை நூறு நாள் அரியணையில் உட்காரவைப்போம். உண்மையான அரசர் தோட்டத்துக் குடிலுக்குப் போவார். அந்த நூறு நாளும் அவருக்குக் குடியானவர் என்று பெயர். இந்த முறை வெள்ளரிக் கொடி வைத்துவிட்டு, ஏன் இன்னும் காய்க்கவில்லை என்று நாளுக்கு மூன்று ஆள் அனுப்பிக் கேட்டார். தீய சகுனங்களையெல்லாம் ஒரு சின்ன ஏட்டில் எழுதி, மாற்று அரசனின் அங்கி ஓரத்தில் தொங்கவிடுவோம். தெய்வங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, அங்கியின் ஓரத்தைத்தான் பார்க்கும். நூறாம் நாள் அந்த ஏடு யார் காலில் இடிக்கிறதோ, அவன் தன் விதியைத் தேடிப் போவான். நாங்கள் நல்லபடியாக அடக்கம் செய்து அழுவோம்.

கேட்க ஆளில்லாத ஒருவன் வேண்டும் என்றார் சடங்குத் தலைவர் உபாரு. சிறையிலிருந்து இரண்டு பெயர் இருந்தன. மூன்றாவதாக நான் ஒன்றை எழுதினேன்.

"சில்லாயாவா? யாருய்யா அது?"

"அரைக் கிறுக்கன், ஐயா. தனக்குத்தானே சிரிச்சுக்கிட்டுத் திரிவான்."

"பொண்டாட்டி, புள்ளைங்க?"

"யாருமில்லீங்க."

இதில் வன்மம் எதுவுமில்லை. அவன் ஆயுள் முழுக்க எழுதினாலும் அரியணை ஓரத்தைத் தொட்டிருப்பானா? நூறு நாள் வறுத்த வெட்டுக்கிளி, பேரீச்சம்பழம், நீண்ட நாணலில் உறிஞ்சிக் குடிக்க வாற்கோதுமைக் கள். அவன் பெண்கள் நால்வரும் வாசலில் வந்து அழுதபோது, பைத்தியக்காரப் பெண்கள் என்று காவலரிடம் நான்தான் சொன்னேன். நல்ல காரியத்துக்கு நடுவில் அழுகை எதற்கு?

ஏட்டை எழுதியவன் நான். அங்கி ஓரத்தில் கட்டியவனும் நான். குனிந்து முடிச்சுப் போட்டபோது, "இரட்டை முடிச்சாப் போடுங்கண்ணே, அவுந்துடப் போகுது" என்றான். எனக்கே கண் கலங்கியது.

தொண்ணூற்றொன்பதாம் நாள் அவன் சபையைக் கூட்டினான். பெரிய நாணலில் நிதானமாகக் கள் உறிஞ்சிவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"எரிபா அண்ணே, இந்த நாற்காலி நீங்க போட்டுக் கொடுத்தது. பதிலுக்கு நான் ஏதாவது செய்யணும்ல?"

எழுந்து, அங்கியைக் கழற்றி, என் தோளில் போர்த்தினான். மாற்று அரசனானாலும் அரசன். அரசன் போர்த்துவதை உதறுகிறவனைத் தோலுரிப்பார்கள். இது நமது பழைய வழக்கம். இதையும் ஏட்டில் எழுதிவைத்தவன் நான்தான்.

"கையை நுழைங்கண்ணே, வெக்கப்படாதீங்க. கச்சிதமா இருக்கு," என்றான்.

உபாரு அங்கியின் ஓரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விரல் மடக்கி நாளை எண்ணினார். "சடங்குல ஒரு குறையும் இல்லை," என்றார். தோட்டத்துக்குச் செய்தி போனது. யாராயிருந்தாலும் சரி, வெள்ளரி பிஞ்சு விட்டிருக்கிறது என்று குடியானவர் பதில் அனுப்பினார்.

இந்த அங்கி எனக்குக் கிடைத்த மரியாதை. தோளில் சற்று இறுக்கம், அவ்வளவுதான். நடந்தால் கணுக்காலில் ஏதோ இடிக்கிறது. இரட்டை முடிச்சு, பிரித்துப் பார்த்தேன், வரவில்லை. இன்று நூறாம் நாள். காலையிலிருந்து எல்லோரும் என்னிடம் அளவுக்கு மீறிப் பணிவாக இருக்கிறார்கள். உச்சிவேளைக்கு என்று ஒரு குவளைக் கள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மணம் புதிதாக இருக்கிறது.

போகட்டும். விசாரிக்க வந்த நீங்கள் கேட்டது என் குற்றத்தைப் பற்றி. மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. மனைவியும் நான்கு பெண்களும் உள்ளவனை, என் கதைகளின் முடிவைக் கெடுத்தான் என்பதற்காக, பொய் சொல்லிச் சாக அனுப்பினேன். சில்லாயாவைக் கொன்றவன் நான்தான். அந்த வேலை முழுசாக முடிந்தது என்ற நிறைவோடு இதைச் சொல்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருப்பவன், நான் கொன்றதாகச் சொல்லும் அதே சில்லாயா. இந்த முறையும் முடிவை, என் முடிவையும் சேர்த்து, அவன் எனக்கு முன்பே எழுதிவிட்டான்.